பதினாறு இலக்கத்தைத் துடைத்தவன்

ஸ்பீக்கரின் அடியில் இருந்த பதினாறு இலக்க எண்ணைத் துடைத்தது நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. இருபத்தொரு வருடமாக ஆம்பூரில் ஒரு ஏற்றுமதி ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கிறேன். ஷூ கைக்கு வந்தால் திருப்பிப் பார்ப்பேன், பசைக்கறை தெரிந்தால் கிளீனரைத் துணியில் தொட்டுத் துடைப்பேன், பெட்டிக்கு அனுப்புவேன். கல்யாண வீட்டில் சாப்பிடத் தட்டு கொடுத்தாலும் இந்தக் கை அதை ஒருமுறை திருப்பிப் பார்க்கும். அன்றைக்குச் சனிக்கிழமை, மாதக் கடைசி. தூசி தட்டலாமென்று ஸ்பீக்கரை எடுத்தேன். கை தானாகத் திருப்பியது. அடியில் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ இருந்தது. கறை என்று முடிவு செய்தேன். கம்பெனி கிளீனர் ஒரு சின்ன பாட்டிலில் வீட்டிலும் இருக்கும். துடைத்தேன். வீட்டில் இருந்தவை மூன்று ஸ்பீக்கர்கள். ஒரு ஜோடியில் ஒற்றை ஷூவை மட்டும் துடைத்துவிட்டுப் போகிறவன் இல்லை நான். மூன்றையும் துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்றிலும் நீல விளக்கு போய்ச் சிவப்பு விளக்கு வந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மறைத்தேன் என்பீர்கள். என் மனைவி அம்பிகாவின் இரண்டு மணிக்கட்டுகளையும் உடைத்தது நான்தான். பைபாஸில் ஸ்கூட்டரில் போகும்போது, முன்னால் பைக்கில் போனவனுடைய ஷூவில் அடிப்பாகம் பிரிந்து தொங்கியது. அதை அவளுக்குக் காட்டினேன். காட்டிய நேரத்தில் வேகத்தடை வந்துவிட்டது. அவள் இரண்டு கையையும் ஊன்றி விழுந்தாள். எனக்கு ஒரு சிராய்ப்பு. அவளுக்கு முழங்கைக்குக் கீழே இரண்டு பக்கமும் மாவுக்கட்டு, வலது முட்டியில் பூசணிக்காய் அளவுக்கு வீக்கம். டாக்டர் ஆறு வாரம் என்றார். கை ஊன்றாமல் கட்டிலிலிருந்து எழ முடியாது. தண்ணீர் குடிக்க, மூக்கு சொறிய, பாத்ரூம் போக, எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் வேண்டும்.

அம்பிகா சத்துணவு அமைப்பாளர். எண்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையில் நிறுத்துகிற குரல். ஆனால் எங்கள் மாடி அறைக்கு ஒரு பக்கம் வெல்டிங் பட்டறை. இன்னொரு பக்கம் சுவரை ஒட்டினாற்போல பில்கிஸ் வீடு. பில்கிஸ் ஜாப் ஒர்க் எடுத்து வீட்டிலேயே ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிறவள். அவளுடைய தோல் மிஷின் ஓடும்போது அம்பிகாவின் குரல்கூட எடுபடாது. அம்பிகாவிடம் இருப்பது பட்டன் போன். பட்டனை அமுக்க விரல் வேண்டும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் எழிலரசி இதையெல்லாம் யோசித்துத்தான் அந்த ஸ்பீக்கர் செட்டை ஆர்டர் போட்டு அனுப்பினாள். 'சுகநாதம்' என்று பேர். பாதி விலைக்குத் தள்ளுபடியில் கிடைத்ததாம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்று, கீழே சமையலறையில் ஒன்று, பில்கிஸ் மிஷினுக்குப் பக்கத்தில் ஒன்று. எங்கள் வீட்டு வைஃபை அவள் வீடு வரைக்கும் தாராளமாகப் போகும். அவள் பிள்ளைகள் ஏற்கெனவே அதில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்பிகா படுத்த வாக்கில் "சுகநாதா, பில்கிஸைக் கூப்பிடு" என்றால் அங்கே குரல் கேட்கும். நான் டூட்டிக்குப் போன நேரத்தில் பில்கிஸ் மிஷினை நிறுத்திவிட்டு எங்கள் வீட்டு மாடிக்கு வருவாள். பதினோரு நாள் ஒரு குறையும் இல்லை.

பன்னிரண்டாம் நாள், அந்த ஞாயிற்றுக்கிழமை, அம்பிகா கூப்பிட்டபோது ஸ்பீக்கர் பெண் குரலில் மரியாதையாகச் சொன்னது: "மன்னிக்கவும். உங்கள் இல்லத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை."

"வீட்டுக்குள்ள குந்திக்கினு வீட்டக் காணோம்னு சொல்லுது," என்றாள் அம்பிகா. "நீங்க துடைச்சீங்க, அதுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு."

சுகநாதம் கம்பெனியில் புகார்ப் பிரிவு என்று ஒன்று கிடையாது. மகிழ்ச்சிப் பிரிவு என்று ஒன்று உண்டு. அங்கே நாற்பது நிமிடம் வீணை கேட்ட பிறகு ஜீவா என்று ஒரு பெண் எடுத்தாள். வைஃபை பெட்டியை அணைத்து முப்பது எண்ணச் சொன்னாள். எண்ணினேன். ஸ்பீக்கரின் தலையைப் பத்து விநாடி அமுக்கச் சொன்னாள். அமுக்கினேன். வைஃபை பேரை மாற்று, பாஸ்வேர்டை மாற்று என்றாள். மாற்றினேன். பில்கிஸ் வீட்டில் கிரிக்கெட் நின்று கூச்சல் கிளம்பியது. அறையில் இரும்பு பீரோ இருக்கிறதா என்று கேட்டாள். இல்லாத வீடு ஏது. இரும்புக்கும் சிக்னலுக்கும் ஆகாது, அப்புறப்படுத்துங்கள் என்றாள். அம்பிகாவின் அம்மா சீராகக் கொடுத்த பீரோவை மாடி வராந்தாவுக்குத் தள்ளினேன். என் இடுப்பு பிடித்துக்கொண்டது. சிவப்பு விளக்கு அப்படியே இருந்தது. கடைசியில், கூப்பிடுகிறவர் மகிழ்ச்சியான குரலில் கூப்பிட வேண்டும் என்றாள். கோபக் குரலை எங்கள் சாதனம் சத்தம் என்று எடுத்துக்கொள்ளுமாம்.

நான் போனை அம்பிகாவின் காதில் வைத்தேன். "நீ ரெண்டு கையையும் ஒடைச்சுக்கினு ஒண்ணுக்குப் போகணும்னு மகிழ்ச்சியா கூப்பிட்டுக் காட்டு, நான் கத்துக்கறேன்," என்றாள் அம்பிகா. அந்தப் பக்கம் வீணை மறுபடி ஆரம்பித்தது.

வீணை முடிந்து வந்தபோதுதான் ஜீவா அந்தக் கேள்வியைக் கேட்டாள். ஸ்பீக்கருக்கு அடியில் உள்ள பதினாறு இலக்க வரிசை எண்.

உண்மையைச் சொன்னேன். ஒரு பிணத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஆகிவிட்டது அவள் குரல். எண் இல்லாவிட்டால் அது எங்கள் பார்வையில் சாதனமே இல்லை சார் என்றாள். பெட்டியின்மேல் இருக்கும் என்றாள். பெட்டி பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. ஆப்பில் இருக்கும் என்றாள். ஆப்பைத் திறந்தேன். எண்ணைப் பார்க்க முதலில் ஸ்பீக்கரை இணைக்கவும் என்றது ஆப். இணைப்பதற்குத்தானே அம்மா எண் என்றேன். மிகச் சரியாகப் புரிந்துகொண்டீர்கள் சார் என்று பாராட்டினாள்.

ஆனாலும் வழி இருக்கிறதாம். 'அடையாளம் இழந்த சாதனம்' என்ற பிரிவில் மனு போடலாம். அதற்கு நோட்டரி முன்னால் ஒரு உறுதிமொழிப் பத்திரம், காவல் நிலையத்தில் ஒரு சான்று, இரண்டையும் எடுத்துக்கொண்டு வேலூர் மகிழ்ச்சி மையத்துக்கு நேரில் வர வேண்டும்.

அன்றைக்குப் பில்கிஸ் சோறு ஊட்ட வந்தவள், ஒரு மணி வாங்கிக் கட்டிலில் கட்டிவிடுங்கள் அண்ணா, பேஜார் விட்டுது என்றாள். நான் சிரித்தேன். இது வைஃபை பில்கிஸ், மணியெல்லாம் அந்தக் காலம் என்று விளக்கினேன். என் அறிவைப் பற்றி நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். நான் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தேன்.

நோட்டரி ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடிக்காரர். 'நவநீதன் ஆகிய நான், சுயநினைவுடனும் எவருடைய தூண்டுதலும் இன்றியும், மேற்படி எண்ணை மேற்படி தேதியில் மேற்படி துணியால் துடைத்தேன்' என்று டைப் அடித்துக் கொடுத்தார். முப்பது வருட சர்வீஸில் துணி சம்பந்தப்பட்ட பத்திரம் இதுதான் முதல் என்றார். காவல் நிலையத்தில் ரைட்டர் வெகுநேரம் யோசித்தார். செயின் தொலைந்தால் பாரம் இருக்கிறது, போன் தொலைந்தால் இருக்கிறது, பொருள் கையில் இருந்து எண் மட்டும் தொலைந்தால் இல்லை. கடைசியில் ரேஷன் கார்டு தொலைந்த பாரத்தில் எழுதினார். தொலைந்த எண்ணின் போட்டோ இரண்டு காப்பி வைக்கச் சொன்னார். எண்ணே இல்லையே சார் என்றேன். அப்ப இருந்த இடத்தை எடுத்துக்கிட்டு வா என்றார். வழவழவென்றிருந்த ஸ்பீக்கரின் பிட்டத்தைப் பாஸ்போர்ட் சைஸில் இரண்டு காப்பி எடுத்துக் கொடுத்தேன். முத்திரை குத்தினார்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு வேலூர் போனேன். புறப்படும் முன் அம்பிகாவுக்கு எல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனேன். பில்கிஸிடம் மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொன்னேன். அவளுக்கு அன்று சாயங்காலத்துக்குள் அறுபது ஜோடி தைத்துக் கொடுக்க வேண்டும். இருந்தாலும் சரி என்றாள்.

மகிழ்ச்சி மையம் கண்ணாடிக் கட்டடம். உள்ளே எங்கும் நாற்காலி இல்லை. காற்று ஊதிய பெரிய பந்துகள் இருந்தன. டோக்கன் நம்பர் நூற்றுப் பதினான்கு. என்னோடு பந்துகளில் அசைந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் மடியில் ஒரு சுகநாதம் வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் சிவப்பு விளக்கு. பக்கத்துப் பந்துக்காரர் காட்பாடி. உங்களுடையதில் எண் இருக்கிறதா என்று கேட்டேன். ஜம்மென்று இருக்கிறது சார் என்றார். எத்தனை முறை வந்தீர்கள் என்றேன். நான்காவது முறையாம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் மனிதனுக்குத் தன் தப்பின் மேல் ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டால் லேசில் போகாது.

மதியம் ஒன்றரைக்கு மையத் தலைவர் தமிழ்வேந்தன் என்னைக் கூப்பிட்டார். நல்ல இஸ்திரிச் சட்டை, நல்ல ஷூ; வலது ஷூவில் மட்டும் ஒரு தையல் விட்டிருந்தது. என் பத்திரங்களைப் படித்தார். காவல் நிலைய முத்திரையைத் தடவிப் பார்த்தார். மனைவிக்கு இரண்டு கையும் கட்டு, கூப்பிட வேறு வழி இல்லை, இது ஓடுமா ஓடாதா என்று மட்டும் சொல்லுங்கள் போதும் என்றேன்.

அவர் காபி தரச் சொன்னார். பிறகு பேசினார்.

"நவநீதன் சார், நீங்க தரம் பாக்கறவர், உங்களுக்குப் புரியும். போன காலாண்டுல எங்ககிட்ட பதினோராயிரம் புகார் வந்துச்சு. இன்னிக்கு ஒண்ணுகூடத் திறந்து இல்ல. எல்லாத்தையும் மூடிட்டோம். தீத்தீங்களான்னு யாரும் எங்களக் கேக்கறதில்ல, மூடினீங்களான்னுதான் மேல கேக்கறாங்க. இன்னொண்ணு, எங்க கம்பெனில மூணு வார்த்தைக்குத் தடை. ஓடாது, முடியாது, தெரியாது. இந்த மூணுல ஒண்ணச் சொன்னா ஊழியருக்கு மார்க் கொறையும். அதனால நாலு வருஷமா ஒரு வாடிக்கையாளர்கிட்டகூட நாங்க முடியாதுன்னு சொன்னது இல்ல. எவ்ளோ பெரிய சேவை பாருங்க."

"அப்ப ஓடுமா சார்?"

"இணைப்புங்கறது ஒரு பயணம் சார்," என்றார் தமிழ்வேந்தன். "நீங்க இப்பதான் கெளம்பியிருக்கீங்க."

எங்கள் கம்பெனியில் தோலில் ஓட்டை இருந்தால் பக்கத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். வெட்டுகிறவன் அந்த இடத்தை விட்டு வெட்டுவான். இவர்கள் ஓட்டைமேல் ஸ்டிக்கர் ஒட்டி, ஸ்டிக்கருக்கு விருது வாங்குகிறவர்கள். இதை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. காபியைக் குடித்துவிட்டு வந்தேன். உங்கள் ஷூவில் தையல் விட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அதை மட்டும் உடனே குனிந்து பார்த்தார்.

வீடு வந்து சேர மணி நாலு. பில்கிஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாடிக்குப் போனேன். அம்பிகா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். அறையில் வாடை. பில்கிஸ் ஒரு மணிக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். அப்போது ஒன்றும் தேவைப்படவில்லை. அவள் போய்க் கால் மணியில் தேவைப்பட்டிருக்கிறது. அறுபது ஜோடி அவசரத்தில் பில்கிஸ் மறுபடி வரவில்லை. இரண்டு மணி நேரம் கூப்பிட்டிருக்கிறாள். முதலில் சுகநாதனை, பிறகு பில்கிஸை, பிறகு தெருவில் போகிற யாரையாவது.

அம்பிகா திட்டவில்லை. அவள் திட்டாதது அதுதான் முதல் தடவை.

"பெட்ஷீட்ட பில்கிஸ் பாக்கறதுக்குள்ள தொவைச்சிடுங்க," என்றாள்.

அவளைக் கழுவி, துணி மாற்றி, நாற்காலியில் உட்கார வைத்தேன். பெட்ஷீட்டை மாடிக் குழாயடியில் துவைத்தேன். இருபத்தொரு வருடமாக ஜெர்மனிக்காரன் காலில் ஒரு பொட்டுக் கறை படாமல் பார்த்து அனுப்புகிறவன் நான். அவளுக்குத் தலை வாரிவிடும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சனியன் யாரும் கேட்காமலே, "உங்கள் இல்லத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை" என்றது. அதைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். உடைந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று நினைத்து, பத்திரமாகத் திருப்பி வைத்தேன். நான் எவ்வளவு தூரம் அவர்களுடைய ஆளாகிவிட்டேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் கம்பெனியில் சூப்பர்வைசரிடம் கெஞ்சி, பத்து நாளுக்கு அரைநாள் டூட்டி வாங்கினேன். மதியம் வரைக்கும் பில்கிஸ் தன் மிஷினை எங்கள் மாடி வராந்தாவில் பீரோவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். கூலி ஜோடிக்கணக்கு, இடம் மாறினால் அவளுக்குத்தான் நஷ்டம். கேட்டால், இங்கே காற்று ஜாஸ்தி என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனில் ஒரு செய்தி வந்தது. 'உங்கள் புகார் வெற்றிகரமாக மூடப்பட்டது. வாழ்த்துகள்.' மகிழ்ச்சிப் பிரிவைக் கூப்பிட்டேன். மூடியதைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் சேவைக்கு நட்சத்திரம் போட வேண்டும் என்றார்கள். ஆப்பில் ஐந்து நட்சத்திரம் இருந்தது. முதல் நான்கையும் அமுக்கிப் பார்த்தேன், அமுங்கவில்லை. ஐந்தாவது மட்டும் அமுங்கியது. உடனே இன்னொரு செய்தி: 'ஐந்து நட்சத்திரம் தந்ததற்கு நன்றி. மகிழ்ச்சியாக இருக்கும் வாடிக்கையாளரிடமிருந்து புகார்கள் பெறப்படுவதில்லை.'

அம்பிகாவிடம் படித்துக் காட்டினேன். "இன்னும் கொஞ்சம் மகிழ்ச்சியா இருந்தா அவார்டு குடுப்பாங்க," என்றாள்.

அவள் கிண்டலுக்குச் சொன்னாள். திங்கட்கிழமை அது வந்துவிட்டது. வட்டாரத்திலேயே அந்த வாரம் ஐந்து நட்சத்திரம் போட்டவன் நான் ஒருவன்தானாம். எங்களை 'மாதத்தின் மகிழ்ச்சிக் குடும்பம்' என்று தேர்ந்தெடுத்திருந்தார்கள். போட்டோ எடுக்க ஆள் வரும்.

புதன் மதியம் வந்தவர் சுஹேல் அகமது. சுகநாதம் கம்பெனி டெக்னீஷியன், ஆம்பூர்க்காரர்தான். முப்பத்தைந்து வயது இருக்கும், சட்டையில் சிரிக்கிற பொம்மை குத்தியிருந்தது. கையில் சுருட்டிய பேனர், கழுத்தில் தொங்குகிற டேப்லெட். மாடிக்கு வந்ததும் சிவப்பு விளக்கைப் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பேனரைப் பிரித்துக் கட்டிலுக்குப் பின்னால் கட்டினார். 'சுகநாதத்தால் இணைந்தோம்' என்று எழுதியிருந்தது. ஸ்பீக்கரை இருவருக்கும் நடுவில் வைத்தார். அக்காவின் கைகள் படத்தில் தெரிந்தால் மேலே ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஒரு போர்வை போர்த்திக்கொள்ள முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பிறகு சிரிக்கச் சொன்னார்.

நான் சிரித்தேன். பழக்கமாகிவிட்டது. அம்பிகா சிரிக்கவில்லை.

"தம்பி, ஒரு படத்துக்கு எவ்ளோ நேரம் சிரிக்கணும்?"

"மூணு செகண்டுக்கா."

"சிரிக்கறேன். போர்வ வேணாம்னு சொல்ல மாட்டேன். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லு. போன வாரம் இந்தக் கட்டில்ல ரெண்டு மணி நேரம் நான் கூப்பிட்டுக்கினு கெடந்தேன். ஒரு நாய்கூடத் திரும்பிப் பாக்கல. கடைசில சின்னக் கொழந்த மாதிரி படுக்கையிலயே ஆகிப்போச்சு. எனக்கு நாப்பத்தெட்டு வயசு. இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல நான் கெடக்கணும். இது ஓடுமா, ஓடாதா?"

வராந்தாவில் பில்கிஸின் மிஷின் நின்றது.

சுஹேல் வாயைத் திறந்தார். இணைப்பு என்று ஆரம்பித்தார். அம்பிகாவின் கட்டுகளைப் பார்த்தார். அப்புறம் கழுத்திலிருந்து டேப்லெட்டைக் கழற்றினார். "அக்கா, உங்க தலகாணி ஒண்ணு குடுங்க. இது நாங்க பேசறதையெல்லாம் கேட்டுக்கினே இருக்கும்," என்றார். நான் கொடுத்தேன். டேப்லெட்டைத் தலையணைக்கு அடியில் செருகி, அதன்மேல் தன் பையையும் வைத்தார்.

"ஓடாதுக்கா," என்றார்.

அந்த வார்த்தையை அவர் சொல்லி எத்தனை வருடம் ஆகியிருக்குமோ.

"இந்த மாடலுக்கு சர்வர நிறுத்திட்டாங்க. முப்பத்தொண்ணாம் தேதியோட சரி. ஊர் முழுக்க எல்லாமே சிவப்புதான். நிறுத்தப் போறோம்னு தெரிஞ்சுதான் பாதி வெலைக்குத் தள்ளினாங்க. நீங்க பீரோவ நகத்தினாலும் ஓடாது, வீட்டையே நகத்தினாலும் ஓடாது. பஜார்ல ரிமோட் பெல்லுன்னு கேளுங்க, பேட்டரில ஓடும், சாதாரண கடையில கெடைக்கும். ஸ்விட்ச கட்டில்ல ஒட்டிட்டா முழங்கையால அமுக்கலாம். நான் போற எல்லா வீட்லயும் இதத்தான் சொல்லணும்னு நெனைப்பேன்."

அன்றைக்கே மணி வாங்கச் சொன்னதை வராந்தாவிலிருந்து பில்கிஸ் சொல்லிக்காட்டவில்லை. அது அவளுடைய பெருந்தன்மை. அம்பிகா போர்வையை முழங்கையால் தள்ளிவிட்டு, கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்துக்கொண்டாள். இப்ப எடு தம்பி என்று சொல்லி மூன்று விநாடிக்கு நன்றாகவே சிரித்தாள். சுஹேல் தன் சொந்தப் போனில் எடுத்தார்.

எனக்கு ஒன்று பாக்கி இருந்தது. நோட்டரி, ரைட்டர், முத்திரை, பந்து, வியாழக்கிழமை எல்லாம் அந்த ஒன்றில்தான் தொங்கின. "சுஹேல், அந்தப் பதினாறு நம்பர நான்தான் தொடைச்சேன்," என்றேன்.

அவர் ஸ்பீக்கரை எடுத்துத் திருப்பினார். அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"நல்லா சுத்தமாத் தொடைச்சிருக்கீங்கண்ணா," என்றார். "அதனால எதுவும் கெடல."